மேட்டுக்குப் போன இரண்டாவது தேத்தண்ணி

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். தூறல். மேற்கிலிருந்து காற்று. கலண்டர்தான் கோடை என்று சொன்னது. வானம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் பிளாஸ்டிக் பையை விரித்து, அதன்மேல் ஸ்கோர் புத்தகத்தை வைத்திருந்தேன். சட்டைப் பையில் ஐந்து பென்சில்கள். மழையில் மை கரையும், பென்சில் கரையாது. ஆனால் முனை உடையும். அதனால்தான் ஐந்து.

எனக்கு முன்னால் சிவபாதம் நடந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன், பிறகு என் தங்கையைக் கட்டியவன். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் பீங்கான் கோப்பை. மைதானத்தின் நடுவில் இருந்த சிறு மண்மேட்டை நோக்கிப் போனான். மேட்டின் மேல், கியூபாவில் பிறந்த எலாடியோ, பேஸ்போல் பந்தை விரல்களுக்கிடையில் உருட்டியபடி நின்றார்.

"சிவபாதம், நில்லு!" என்று கத்தினேன்.

அவன் திரும்பினான். பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினான்.

"பொறு மச்சான், உனக்கும் இருக்கு!"

வெள்ளைக் கோட்டைத் தாண்டி அவன் கால் வைத்ததும், அம்பயர் இரண்டு விரல்களை உயர்த்தினார். இருபது வருடமாகப் பந்து எறிந்து பிழைத்த ஒரு மனிதரின் பிழைப்பு, அந்த இரண்டு விரல்களில் போய் நின்றது.

போன கிழமை வாசகர் ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். நான் நான்கு வாரமாக என் பழைய கவுன்சில் வேலையைப் பற்றியே எழுதுகிறேனாம், இந்தப் பத்திரிகைத் தொடரில் ஓடியாடுகிற ஆள் ஒருவரும் இல்லையாம். எலாடியோவும் அதிகம் ஓடுகிற ஆள் அல்ல. ஆனாலும் எறிவார். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிவாரணம்

எலாடியோ சிவபாதத்தின் கடைக்கு மேலே உள்ள அறையில் வாடகைக்கு இருந்தார். அவரை இத்தாலியில் சந்தித்த ஓர் ஆங்கிலேயப் பெண், கல்யாணம் செய்து லண்டனுக்குக் கூட்டி வந்தாள். இரண்டு குளிர்காலம் சேர்ந்து இருந்தார்கள். மூன்றாவது குளிர் தொடங்குமுன் அவள் போய்விட்டாள். அவர் கையில் ஒரு பயணப் பையும் ஒரு தோல் கையுறையும் மிஞ்சின.

அவர் குடிவந்த அன்று சிவபாதம் எனக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், மேல ஒரு ஆள் வந்திருக்கு. என்ன தொழில் எண்டு கேட்டன். ரிலீஃப் எண்டு சொல்லுது. பாவம், நிவாரணம் எடுக்கிற ஆள்."

எங்கள் சனத்துக்கு ரிலீஃப் என்றால் ஒரே அர்த்தம்தான். அகதி முகாமில் அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று வாங்குகிற அரிசி, பருப்பு, சீனி. என் தங்கை பாக்கியம் அன்றே ஒரு பெட்டியில் அரிசியும் பருப்பும் வைத்து மேலே அனுப்பினாள். அடுத்த வாரமும் அனுப்பினாள். எலாடியோ இரண்டையும் பணிவாக வாங்கி வைத்தார். இந்த நாட்டில் தமிழர் வீட்டில் குடியிருப்பதற்கு இது ஒரு சடங்கு என்று நினைத்தாராம்.

மூன்றாவது பெட்டியோடு நானும் மேலே போனேன். அப்போதுதான் விஷயம் வெளித்தது. அவர் ரிலீஃப் பிட்சர். பேஸ்போலில், முதலில் எறிகிறவருக்குக் கை சோரும்போது வந்து காப்பாற்றுகிறவர்.

படியிறங்கி வந்து சிவபாதத்திடம் சொன்னேன். "அவர் நிவாரணம் எடுக்கிற ஆள் இல்லையடா. குடுக்கிற ஆள்."

"அப்ப என்ர ரெண்டு பெட்டி அரிசி?"

"அது உன்ர நிவாரணம்."

பத்து நிமிட உத்தியோகம்

எலாடியோ பேசியது ஆங்கிலம். நான் தமிழாக்கி எழுதுகிறேன். 'ஓம்', 'மச்சான்' என்ற இரண்டு சொற்களும் கடையில் நின்று அவரே பொறுக்கிக்கொண்டவை. மச்சான் என்பதை அவர் அம்பயர் உட்பட எல்லோருக்கும் வழங்கினார்.

ஒரு கரும்பு ஆலையூரில் பிறந்து, சிறுவனாகத் தாயோடு அமெரிக்கா போனவர். பதினெட்டு வயதில் ஒரு பேஸ்போல் கழகம் அவரை எடுத்தது. சின்னச் சின்ன ஊர்களின் அணிகளில் வருடக்கணக்காகப் பஸ்ஸில் அலைந்தார். பெரிய லீக்கில் ஆடக் கிடைத்தது ஒரு முழுக் கோடையும் அடுத்த கோடையில் பாதியும். பிறகு முழங்கையில் சத்திரசிகிச்சை. பிறகு மெக்சிகோ, வெனிசுவேலா, இத்தாலி. வரைபடத்தில் பார்த்தால், அவர் ஒவ்வொரு முறையும் சம்பளம் குறைகிற திசையிலேயே பயணம் செய்திருப்பது தெரியும்.

அவருடைய வேலை, அணி சிறு வித்தியாசத்தில் முன்னிற்கும்போது கடைசி இன்னிங்ஸில் வந்து, மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்து, கதவைச் சாத்துவது. அதுவரைக்கும் வாங்கில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை தின்பது.

சிவபாதத்துக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

"ரெண்டரை மணித்தியாலம் இருப்பு, பத்து நிமிசம் வேலை. மச்சான், உன்ர கவுன்சில் உத்தியோகம்தான். ஆனா இவன் அந்தப் பத்து நிமிசமும் செய்யிறான்."

நான் இருபத்தொரு வருடம் கவுன்சில் கணக்குப் பிரிவில் இருந்தவன். இதற்கு நான் சிரித்துத்தான் வைத்தேன்.

எலாடியோவும் சிரித்தார். "உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம், மச்சான். எறிவது லேசு. உட்கார்ந்திருக்கிற நேரம் முழுக்க, என்னைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று பயம். கூப்பிட்டவுடன் வேறு பயம்."

மனேச்சர்

பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்போல் ஆடுகிற ஒரு குழு இருந்தது. கனடாக்காரர் சிலர், வங்கியில் வேலை செய்கிற ஜப்பானியர் சிலர், அமெரிக்கத் தொலைக்காட்சி பார்த்துக் கெட்டுப்போன ஆங்கிலேயர் சிலர். எலாடியோ அவர்களோடு சேர்ந்தது, யானை ஆட்டுக்குட்டிகளோடு மேயப் போனதுபோல. சிவபாதம் பார்க்கப் போனான். பார்த்துவிட்டுப் பதினாறு சட்டைகள் தைத்துக் கொடுத்தான். முன்னால் ஆங்கிலத்திலும் முதுகில் தமிழிலும் 'சிவா ஸ்டோர்ஸ்'. முதுகில் இருந்தது என்ன எழுத்து என்று எதிரணியினர் கேட்டால், கனடாக்காரர்கள் அது ஒரு சாபம் என்று சொல்லிவைத்தார்கள்.

நன்றிக்கடனாக அவர்கள் சிவபாதத்தை மனேஜர் ஆக்கினார்கள். பெயருக்கு மட்டும்தான். ஆனால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மனேச்சர் என்றால் எப்படிப்பட்ட ஆள்! சிவபாதம் அடுத்த ஞாயிறு டை கட்டிக்கொண்டு வந்தான். அம்பயரிடம் கொடுக்கிற அட்டையில் தன் பெயர் முழுவதும் இருக்க வேண்டும் என்றான். தகப்பன் பெயர் சேர்த்து எழுதினேன். அட்டையில் இடம் போதாமல் போனதால் கடைசி ஆட்டக்காரரின் பெயரைச் சுருக்கினேன்.

நான் ஸ்கோரர். யாழ்ப்பாணத்தில் கல்லூரி கிரிக்கெட்டுக்கு எழுதினேன், லண்டனில் தமிழர் கிரிக்கெட்டுக்கு எழுதினேன், இப்போது இதற்கும். விதிப் புத்தகத்தை வாங்கி மூன்று தரம் படித்தேன். சிவபாதத்தையும் படிக்கச் சொன்னேன்.

"கிரிக்கெட் தெரிஞ்சவனுக்கு இதென்ன?" என்றான். "எட்டாம் வகுப்புக்காரன் அரிவரிப் புத்தகம் வாசிக்கிறதே?"

ஒல்லாந்துக்காரர்

ஜூலை முடியும்போது எலாடியோ குரோய்டனில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்குப் போய் வந்தார். மனைவி பிரிந்துவிட்டதால் இந்த நாட்டில் அவர் இருக்கலாம் என்ற அனுமதி ஆகஸ்டோடு முடிந்துவிடும். அதன்பிறகு மயாமி. அங்கே மைத்துனர் ஒருவர் கம்பளம் விற்கிறார். சுருட்டித் தூக்க ஆள் தேவை. எலாடியோவுக்கு வயது முப்பத்தெட்டு. கம்பளம் தூக்கத் தொடங்கினால் அந்தத் தோள் இனிப் பந்துக்கு உதவாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மிச்சமிருந்த ஒரே வழி ஒல்லாந்து. அங்கே பேஸ்போலுக்குச் சம்பளம் கொடுக்கிற கழகங்கள் உண்டு. இத்தாலியில் பழகிய ஒருவர் மூலம் ஒரு கழகத்துக்குச் செய்தி போனது. ஆள் அனுப்பிப் பார்ப்போம் என்றார்கள்.

"ஒல்லாந்தரோ?" என்றான் சிவபாதம். "எங்களுக்கு யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டித் தந்தவங்கள். இவனுக்கு ஒரு வேலை தரமாட்டாங்களே?"

கோட்டையை எங்களுக்காகக் கட்டவில்லை என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

வந்தவர் பெயர் யான். உயரமான மனிதர், பெரிய கறுப்புக் குடை. பின்னேரம் ஹார்விச் துறைமுகத்தில் கப்பல் பிடிக்க வேண்டும் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார். எலாடியோ கடைசி இன்னிங்ஸில்தான் வருவார் என்றதும் குடையின் கீழ் இரண்டரை மணி நேரம் இருந்தார். நான் மழையைப் பார்த்தேன், என் மணிக்கூட்டைப் பார்த்தேன், அவருடைய மணிக்கூட்டையும் பார்த்தேன். அவருடையது என்னுடையதைவிட இரண்டு நிமிடம் வேகமாக ஓடியது. அதுவும் எனக்கு ஒரு கவலை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். எலாடியோ மேட்டுக்குப் போனார்.

விரல்கள் விறைத்திருந்தன. ஐந்து பந்தில் நான்கு பிழையாகப் போய், விதிப்படி முதல் ஆள் அடிக்காமலே நடந்து போய் முதல் பேஸில், அதாவது முதல் தரிப்பிடத்தில், நின்றான். யான் குடையை மறு கைக்கு மாற்றினார்.

"அவனுக்குக் கை விறைச்சுப் போச்சு" என்றான் சிவபாதம். "பாக்கியம், இஞ்சித் தேத்தண்ணி ஊத்து."

"நான் கொண்டுபோய்க் குடுக்கிறன், தாங்கோ" என்றாள் என் தங்கை.

"மனேச்சர் இருக்கேக்குள்ள நீ ஏன்?"

போனான். கொடுத்தான். அம்பயர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலேயர், வாய் பிளந்து பார்த்தார். ஆனால் தடுக்கவில்லை. கிரிக்கெட்டில் ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் கொண்டு போவதில்லையா? எலாடியோ குடித்தார், கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து விரல்களைச் சூடேற்றினார். அடுத்த ஆளை மூன்றே பந்தில் அனுப்பினார். யான் முன்னால் சாய்ந்தார்.

அடுத்தவன் முதல் பந்தையே தட்டிவிட்டான். இப்போது இரண்டு பேர் பேஸில். எலாடியோ விரல்களை வாயருகே வைத்து ஊதினார்.

தேத்தண்ணியால் பலன் கிடைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்ட ஒரு யாழ்ப்பாணத்தான் பிறகு என்ன செய்வான்? வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு கோப்பையோடு நிறுத்துவது எங்களிடம் பழக்கமில்லை. சிவபாதம் பிளாஸ்க்கை எடுத்தான். அப்போதுதான் நான் கத்தினேன்.

விதி

மனேஜர் ஒரே இன்னிங்ஸில் இரண்டாவது தடவை மேட்டுக்குப் போனால், எறிகிறவர் வெளியேற வேண்டும். வெளியேறியவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. எதற்காகப் போனார் என்று விதி கேட்பதில்லை.

"நான் ஒரு சொல்லும் கதைக்கேல்லை ஐயா!" சிவபாதம் கோப்பையோடு அம்பயரைச் சுற்றி வந்தான். பதற்றத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். "தேத்தண்ணி! ஒன்லி தேத்தண்ணி!"

"சேர், புத்தகத்தில் தேநீரைப் பற்றி ஒன்றும் இல்லை" என்றார் அம்பயர். "மனேஜரைப் பற்றித்தான் இருக்கிறது. உங்கள் மனைவி கொண்டு வந்திருந்தால் நான் கண்டிருக்கவே மாட்டேன்."

பாக்கியம் வந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போனாள்.

எலாடியோவுக்குப் பதிலாக வந்த ஜப்பானிய இளைஞரின் மூன்றாவது பந்து, மட்டையில் பட்டுப் பறந்து, வேலிக்கு வெளியே நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. தோற்றோம். எதிரணியினர் தங்கள் வான் வண்டியில் ஏறினார்கள். எங்களவர்கள் பப்புக்குப் போனார்கள். யான் குடையை மடக்கினார். அவர் பார்க்க வந்த மனிதரிடமிருந்து அவர் பார்த்தது ஒன்பது பந்து.

எலாடியோ வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"என் கையிலிருந்து பந்தை வாங்கியவர்கள் நிறையப் பேர், மச்சான்" என்றார் என்னிடம். "அதற்குப் பதிலாகக் கோப்பை தந்தது நீங்கள்தான்."

உருண்டை மட்டை

சிவபாதம் யானின் வழியை மறித்து நின்றான். "சேர், ஒரு ஓவர் பாருங்கோ. ஒரே ஒரு ஓவர்."

ஓவர் என்றால் என்ன என்று யானுக்குத் தெரியாது. ஆனால் டை கட்டிய ஒரு மனிதர் மழையில் நனைந்துகொண்டு கையைக் கூப்பினால் அது என்ன என்று தெரிந்தது. பத்து நிமிடம் தந்தார்.

பந்தைப் பிடிக்க டக் என்ற கனடாக்காரர் நின்றுவிட்டார். அடிக்கத்தான் ஆள் இல்லை. எதிரில் ஒருவன் மட்டையைச் சுழற்றித் தவறவிட்டால்தான் எறிகிறவரின் தரம் தெரியும் என்றார் யான். சிவபாதம் சுற்றிப் பார்த்தான். டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்தான். மட்டையை எடுத்தான்.

கல்லூரி அணியில் அவன் தொடக்க ஆட்டக்காரன். மட்டையின் நுனியை நிலத்தில் ஊன்றி, இடது முழங்கையை உயர்த்தி நின்றான். எலாடியோ எறிந்தார். டொக். பந்து சிவபாதத்தின் காலடியில் செத்து விழுந்தது. இரண்டாவது, டொக். மூன்றாவதும் அப்படியே.

"அந்தக் கனவான் யார்?" என்று யான் கேட்டார்.

"கடைக்காரர்" என்றேன்.

"வயது?"

"ஐம்பத்தேழு."

யான் மணிக்கூட்டைப் பார்த்தார். எலாடியோவின் முகத்தை நான் பார்க்கவில்லை. நேரே சிவபாதத்திடம் போனேன்.

"என்னடா செய்யிறாய்? அவுட் ஆகு!"

"நானே தடுக்கிறன்? கை தன்ர பாட்டுக்குப் போகுது."

"உன்ர தடுப்பைப் பார்க்க அந்தாள் கப்பலேறி வரேல்லை."

"வேணுமெண்டு அவுட் ஆகச் சொல்லுறியோ? நானோ? அம்பயர் கையைத் தூக்கினாலும் ரெண்டு நிமிசம் நிண்டு பாத்திட்டுப் போறவன் நான்."

"தெரியும். நான்தானே எழுதினனான். ரெண்டு மணித்தியாலம் நிண்டு பதினொரு ஓட்டம்."

"பந்து திரும்பின நாளடா அது!"

வேலிப்பக்கம் இருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ! அந்தப் பிள்ளையின்ர சோத்தில மண்ணைப் போடாதேங்கோ. கண்ணை மூடிக்கொண்டு வீசுங்கோ!"

சிவபாதம் அவளைப் பார்த்தான். பிறகு மட்டையை நிலத்திலிருந்து எடுத்துத் தோளுக்கு மேல் தூக்கினான். அப்படி அவன் தூக்கியதை நான் அதற்கு முன் ஒருநாளும் கண்டதில்லை.

எலாடியோ விரல்களைப் பந்தின் இரு பக்கமும் அகட்டிப் பிடித்தார். பந்து சிவபாதத்தின் நெஞ்சுக்கு நேரே வந்தது. அவன் வீசினான். மட்டை வருவதற்கு ஒரு முழம் முன்னால் பந்து மனம் மாறியதுபோல் கீழே போனது. டக்கின் கையுறையில் சத்தம் கேட்டது. இரண்டாவதும் அதே உயரத்தில் வந்து அதே மாதிரி மறைந்தது. மூன்றாவதற்குச் சிவபாதம் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, ஈரப் புல்லில் உட்கார்ந்தான்.

யான் சிரிக்கவில்லை. "அதையே இன்னும் மூன்று" என்றார்.

மூன்றும் போயின. சிவபாதம் எழும்பவேயில்லை, இருந்த இடத்திலிருந்தே பந்து விழுவதைப் பார்த்து, "அம்மாளாச்சி, இதென்ன பந்து!" என்றான்.

"வியாழக்கிழமை காலையில் எங்கள் மைதானத்துக்கு வரட்டும்" என்றார் யான். "மனேஜரை இங்கேயே விட்டுவிடுங்கள்."

அன்றிலிருந்து சிவபாதம், தான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததாகச் சொல்லி வருகிறான். அப்படி இல்லை என்று எலாடியோ சொன்னார். நான் எங்கும் பதியவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு எறிகிற பந்துகளுக்கு ஸ்கோர் புத்தகத்தில் இடம் கிடையாது.

லிவர்பூல் ஸ்ட்ரீட்

எலாடியோ ஒல்லாந்தில் மூன்று கோடை எறிந்தார். பிறகு தோள் விட்டுவிட்டது. சிறுவர்களுக்குப் பழக்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். சிறுவர்களை அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறாராம். அதற்கு என்ன பொருள் என்று அவர்களுடைய பெற்றோர் கேட்டால் ஸ்பானியச் சொல் என்கிறாராம்.

ஆனால் ஆட்டத்துக்குப் பிந்திய அந்தச் செவ்வாய்க்கிழமை இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சம்பளம் இன்னும் பேசவில்லை, ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை. சிவபாதம் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டான். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு எலாடியோவோடு நான் போனேன். ரயிலும் கப்பலும் சேர்ந்த ஒரே டிக்கெட்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "ஐந்து நாளுக்குள் போய்வருகிற டிக்கெட் முப்பத்திரண்டு பவுண், சேர். ஒருவழி என்றால்தான் விலை கூட."

"மலிவானதை எடுங்கள், மச்சான்" என்றார் எலாடியோ. "திரும்புகிற பாதியைப் பையில் போட்டு வைக்கிறேன். அங்கே சரிவராவிட்டால் உதவும்."

நியாயமான பேச்சு. வாழ்க்கை முழுவதும் நான் மலிவானதைத்தான் எடுத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள்.

"ஒருவழி" என்றேன்.

நாற்பத்தொரு பவுண் ஐம்பது பென்ஸ்.